பதினைந்துக்கு வராத எழுபதினாயிரம்

கைறுன்னிஸா யட்டவத்தைக்கு மருமகளாக வந்த புதிதில், பக்கத்து வீட்டு மௌத்தில்தான் அந்தப் பெயரை முதன்முதல் கேட்டாள். "ஸுபைதா ராத்தாவக் கூப்பிடுங்க, பங்கு வைக்கணும்" என்றது ஒரு குரல். மௌத்து வீட்டில் என்ன பங்கு என்று புதுப்பெண் மிரண்டு போனாள்.

பங்கு கலிமாவுக்கு. இறந்துபோனவர் பேரில் எழுபதினாயிரம் கலிமாவை ஒரே இருப்பில் பெண்கள் கூடி ஓதி முடிப்பது வழக்கம். நூற்றுக்கு ஒரு புளியங்கொட்டை, ஆக எழுநூறு கொட்டை. வந்தவர்களுக்கு அதைச் சமமாகப் பிரிப்பவள் ஸுபைதா.

"தங்கமான தொகை புள்ள இது. நாலு, அஞ்சு, ஏழு, பத்து, பதினாலு, இருவது, யாரு வந்தாலும் மடியில ஏத்துக்கும். மூணுதான் சுத்தமா ஆகாது. மூணோட வம்சம் ஆறு, ஒம்பது, பன்னெண்டு, பதினஞ்சு, ஒண்ணையும் வாசல்ல சேக்காது" என்று கைறுன்னிஸாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

ஆள் தோதுப்படாவிட்டால், "ஒருத்தி எழும்பிப் போயி தேத்தண்ணி ஊத்துங்க" என்பாள். "எனக்கு எப்பவும் குசினிதான்" என்று யாராவது சிரித்துக்கொண்டே போவார்கள். கோபித்தவர் கிடையாது.

ஸுபைதாவுக்கு மனக்குறை ஒன்றுதான்: பல்லேபொலவில் கட்டிக்கொடுத்த தங்கை ஹவ்வா. தன் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் ஆள் விட்டு அழைத்தாள் என்று அக்கா போகவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. கோபமெல்லாம் எப்போதோ கரைந்துவிட்டது. பல்லேபொல பஸ் வந்து நின்றால் ஸுபைதாவின் கண் அங்கேதான் போகும். யார் முதலில் போவது என்பதுதான் மிச்சம்.

ஸுபைதாவின் அறுபத்தெட்டாவது வயதில் அவள் மகன் ஸக்கரியா காய்ச்சலில் மௌத்தானான். மூன்றாம் நாள், யார் தடுத்தும் கேளாமல், மகனுக்குத் தானே பங்கு வைத்தாள். முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, தலை நிமிராமல், ஐம்பது ஐம்பதாகப் பதினாலு குவியல் வைத்து முடிக்கையில் யாரோ வந்து உட்காரும் அரவம் கேட்டது.

"என்னையும் சேத்து இப்ப எத்தன பேரு?" என்றாள் ஸுபைதா, குனிந்தபடியே.

"பதினஞ்சு ராத்தா," என்றாள் கைறுன்னிஸா. வந்திருந்தது ஹவ்வா. கொட்டைக்குக் கை நீட்டியிருந்தாள்.

"பதினஞ்சுக்கு வராது. கடைசியா வந்தவங்க எழும்புங்க."

"ராத்தா, அது வந்து..." என்று தொடங்கிய கைறுன்னிஸாவைக் கையமர்த்திவிட்டு ஸுபைதா ஓதத் தொடங்கிவிட்டாள். ஓதலுக்கு நடுவே பேச்சு ஆகாது. தெரிந்தேதான் சொன்னாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஹவ்வாவும் அப்படித்தான் நினைத்தாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு எழும்பினாள். குசினிப் பக்கம் போகவில்லை. வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஓதி முடித்து, "தேத்தண்ணி எங்கடி? யாரு எழும்பினது?" என்று ஸுபைதா கேட்டபோதுதான் சொன்னார்கள்.

"யா அல்லாஹ்! நான் மூஞ்சியப் பாக்கலயே!"

கொட்டைகளையெல்லாம் வாரி மறுபடி பதினைந்தாகப் பிரித்தாள். ஆளுக்கு நாற்பத்தாறு, மிஞ்சியது பத்து. "பத்துக் கொட்டதானே... நானே ஓதியிருப்பேனே" என்று தரையில் கவிழ்ந்து அழுதவளை யாராலும் தூக்க முடியவில்லை.

மறுநாளே பல்லேபொலவுக்குப் போனாள். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து தங்கையின் குரல் மட்டும் வந்தது: "என்னயச் சேத்தா கணக்கு வராது ராத்தா. போங்க."

அடுத்த நோன்புக்கு முன்னமே ஹவ்வா மௌத்தானாள். சேதி வந்து சேர்ந்தபோது அடக்கமும் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு ஸுபைதா எந்த வீட்டிலும் பங்கு வைக்கவில்லை. இப்போது மாத்தளை டவுனில் மகள் வீட்டில் இருக்கிறாள்.