ஏழாவது சட்டை

இருபத்தாறு வருடமாக அவர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்துவந்தார். ஒரு நாளைக்கு எழுபது பேரிடமாவது, "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்வார். அந்தக் குரலே வீட்டிலும் வந்துவிட்டது. குடும்பமாகப் போட்டோவுக்கு நின்றால் பக்கத்தில் இருப்பவர்கள் தாமாக மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மற்றபடி சத்தமில்லாத மனிதர். வேலைக்கு ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை.

மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துக் கிளம்பிய வருடம், எலுமிச்சைத் தொட்டியில் காய்ந்த கிளையை நறுக்கப் போனார். கிளையில் சோப்பு நுரை உறைந்ததுபோல் ஒரு கட்டி ஒட்டியிருந்தது. என்னவென்று தெரியாமல் ஜன்னல் விளிம்பில் எடுத்து வைத்தார், வைத்ததை மறந்தும்போனார். மூன்றாவது வாரம் ஒரு காலையில் அந்தக் கட்டியிலிருந்து கொத்துக் கொத்தாக ஏதோ தொங்கியது. கும்பிடுபூச்சிக் குஞ்சுகள். ஒவ்வொன்றும் எறும்பளவு. நூலில் தொங்கியபடியே மெல்லிய உறை ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டு, அடுத்த நிமிடமே கையைக் கூப்பிக்கொண்டு நின்றன.

"பெத்த மக கூட இவ்வளவு மரியாதை கொடுத்ததில்ல" என்றாள் மனைவி.

மரியாதை சாயங்காலம் வரைதான். பசித்ததும் ஒன்றை ஒன்று பிடித்துத் தின்ன ஆரம்பித்தன. பதறிப்போனவர் பெரும்பாலானவற்றைச் செடிகளில் விட்டுவிட்டு, பன்னிரண்டை மட்டும் தனித்தனி மருந்து பாட்டில்களில் போட்டு வலைத்துணியால் வாய் கட்டினார். பழம் அழுகவிட்டு அதில் மொய்க்கும் குட்டி ஈக்களைப் பிடித்துப் போட்டார். வீட்டுக்கு வாங்கும் பழத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காத மனுஷன், ஈக்காகக் கடைகடையாக ஏறி அழுகினதைத் தேடுகிறார் என்று மனைவி தன் அக்காவிடம் போனில் சொல்லிச் சிரித்தாள்.

பத்தாம் நாள் ஒரு பாட்டிலில் குஞ்சு விறைத்துத் தொங்குவதைக் கண்டார். ஊதினாலும் அசையவில்லை, உடம்பில் ஒன்றுமே இல்லாமல் கண்ணாடிபோல் இருந்தது. மனசு கேட்கவில்லை. காகிதத்தில் மடித்துத் தொட்டி மண்ணில் புதைத்துவிட்டு வந்து, சாப்பாடு வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். மனைவி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வாய் கட்டிய வலைத்துணியின் உள்பக்கம், முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெளிறிய நிறத்தில் குஞ்சு உட்கார்ந்திருந்தது.

"பூச்சி இங்க இருக்கு. நீங்க அதோட சட்டையை அடக்கம் பண்ணிட்டு வந்திருக்கீங்க."

அதற்குப் பிறகு அவருக்கு எல்லாம் பிடிபட்டது. சட்டை மாற்றப்போகும் பூச்சி இரண்டு மூன்று நாள் சாப்பிடாது. பிறகு தலைகீழாகத் தொங்கும். முதுகு வெடிக்கும். பழைய தோலிலிருந்து தலை முதலாகக் கீழ்நோக்கி வழுக்கி வரும். கொஞ்ச நேரம் சும்மா தொங்கிவிட்டு, மடங்கி மேலேறித் தன் பழைய தோலையே பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு சட்டைக்கும் உடம்பு நீளும். ஐந்தாறு சட்டைக்குப் பிறகு முதுகில் சிறகின் மொக்கு தெரியும். கடைசிச் சட்டைக்குத்தான் முழுச் சிறகு.

விவரம் தெரிந்தும் பெரிய தப்பு ஒன்றைச் செய்தார். பூச்சிகள் வளர வளர ஸ்கேலால் மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து, அதைவிட ஒரு விரற்கடை உயரமான பாட்டில்களுக்கு மாற்றினார். எலும்பை அளந்து பழகிய கண். பூச்சி தன் சட்டைக்குக் கீழே இன்னொரு முழு நீளம் தொங்கும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஐந்தாவது சட்டையில் நான்கு பூச்சிகள் பாதி வெளியே வந்ததும் பாட்டிலின் அடியில் இடித்து, கால் கோணி, அப்படியே காய்ந்தன. மற்றவை முன்பே ஒவ்வொன்றாகப் போயிருந்தன. மிஞ்சியது ஒன்று. அதை முன்னறைத் திரைச்சீலையில் விட்டார். அங்கே அது ஆறாவது சட்டையை ஒழுங்காகக் கழற்றியது.

அந்த நேரம் பார்த்துத்தான் வீடு மாற்ற வேண்டி வந்தது. இரண்டு பேருக்கு எதற்கு அவ்வளவு பெரிய வீடு என்று நான்கு தெரு தள்ளிச் சின்னதாக ஒன்று பிடித்திருந்தார்கள். காலி செய்யும் நாள் மத்தியானத்துக்குள் சாவி தர வேண்டும். மூன்று நாளாகப் பூச்சி சாப்பிடவில்லை. சிறகு மொக்கு உப்பியிருந்தது. இன்னும் இரண்டு நாள் அவகாசம் கேட்டுப் பார்த்தார். காரணத்தைக் கேட்ட வீட்டுக்காரர் போனிலேயே சிரித்துவிட்டார். சரி, திரைக்கம்பியோடு கையிலேயே தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அன்று பத்தரை மணிக்குக் கம்பியில் கை வைத்தபோது பூச்சியின் முதுகு வெடித்திருந்தது.

இனி ஆட்டினால் விழும். விழுந்தால் அந்த நாலின் கதிதான். அவர் கையை எடுத்துக்கொண்டு, ஜன்னலுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாமான் ஏற்ற வந்திருந்த லாரிக்காரர் அந்த நாற்காலியையும் கேட்டார். எழுந்து கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பதினோரு மணிக்குப் புதிதாகக் குடிவருபவர்களின் லாரியும் வாசலில் வந்து நின்றது.

இவர்களுடைய லாரிக்காரர் பொறுமையிழந்தார். "சார், ஒரு பூச்சிக்காக ரெண்டு வண்டி நிக்குது. துணியோட சுருட்டிக் கொடுங்க, மடியில வெச்சுப் பத்திரமா கொண்டுவரேன்."

பாத்திர மூட்டையோடு வந்த மனைவி அதை இறக்கி வைத்தாள். ஏழு மாதமாகக் கேலி செய்தவள்.

"தம்பி, நீங்க எங்க சாமானை அங்க இறக்கிட்டு வாங்க. இந்த மனுஷன் இங்கயே இருக்கட்டும். அவரைச் சாமான் கணக்குல சேர்க்க வேண்டாம்."

பிறகு வாசலுக்குப் போனாள். குடிவந்த பெண் பேக்கரியில் வேலை செய்பவள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மனைவி அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து காட்டினாள். பூச்சி பாதி வெளியே வந்து, உயிரில்லாததுபோல் தொங்கிக்கொண்டிருந்தது.

"கடிக்குமா?" என்றாள் அந்தப் பெண்.

"இப்ப ஈ கடிச்சாக்கூட இது செத்துடும்" என்றார் அவர். "நாளைக் காலையில வந்து எடுத்துக்கறேன். அதுவரைக்கும் இந்தத் திரை மட்டும் இங்க இருக்கட்டும்மா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, சமையலறையையும் பின்னறையையும் முதலில் நிரப்பும்படி தன் ஆட்களிடம் சொன்னாள். முன்னறைக் கதவைச் சாத்தினாள். ஆனால் வெளியே போகவில்லை; அவளும் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

பூச்சி திடீரென்று உடம்பை மடக்கி எம்பித் தன் சட்டையைப் பிடித்தது. மூன்று பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். ஈரத்துணியைக் கசக்கியதுபோல் இருந்த சிறகுகள் மெல்ல மெல்ல இறங்கி, நீண்டு, சுருக்கம் நீங்கித் தொங்கின. ஒரு கோணல் இல்லை. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் பழைய வீட்டுக்குப் போனார். முன்னறையில் இன்னும் சாமான் அடுக்கவில்லை. பூச்சி பச்சைப்பசேலென்று, சிறகைப் படிய மடித்துக்கொண்டிருந்தது. கையை நீட்டினார், ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து ஏறியது. பெட்டியில் அடைக்க மனம் வரவில்லை. சட்டையின் தோளில் விட்டுக்கொண்டு நான்கு தெருவும் வெயிலில் நிதானமாக நடந்து புது வீட்டுக்குப் போனார்; வழியில் பார்த்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அன்றுதான் எக்ஸ்ரே அறைக்கு முதல் முறையாக இருபது நிமிடம் தாமதமாகப் போனார். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் உட்காரவைத்து முழுக் கதையையும் சொன்னார்.