தகரக் கதவுக்கு ஒரு பூட்டு

வேறொரு வேலையாக வந்திருந்த பெரம்பலூரில் பஸ் ஏறும்போது மதியம் இரண்டு மணி. அரியலூருக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். சுண்ணாம்புக்கல் வெட்டித் தீர்ந்த பழைய சுரங்கம் ஒன்றில் தண்ணீர் தேக்கி, கரையெல்லாம் மரம் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பியிருந்தேன். பசுமைத் திட்டம் என்று யார் சொன்னாலும் நேரில் பார்க்காமல் நம்புகிற ஆள் இல்லை நான்.

அரியலூரில் ஆட்டோ பேசினேன். போய்வர நானூறு ரூபாய். ஓட்டுநர் செல்வம் ஏறும்போதே கெடு வைத்துவிட்டார்.

“அஞ்சு மணிக்குள்ள திரும்பிடணும் சார். பள்ளிக்கூடம் விடுற நேரம் சுண்ணாம்புக்கல் லாரிய நிறுத்தி வச்சிருப்பாங்க. அஞ்சுக்கு விட்டாங்கன்னா ரோடு நம்மளுது இல்ல.”

குளம் நிஜம்தான். வேம்பும் புங்கனும் ஆள் உயரம் தாண்டி வளர்ந்திருந்தன. குறை சொல்ல ஒன்றும் சிக்காமல் திரும்பியபோதுதான், மரங்களுக்குப் பின்னாலிருந்த தொழிலாளர்களின் தகரக் கொட்டகைகள் ஒன்றில் ஒரு பெண் அலறினாள்.

வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போனில் கத்திக்கொண்டிருந்தார் கிராமச் செவிலியர் மலர்க்கொடி. உள்ளே ஒடிசாப் பெண் மினதி, பிரசவ வலியில் கம்பத்தைக் கட்டிக்கொண்டு எழ மறுத்தாள். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அது இந்தக் குறுகலான பாதையில் உள்ளே வருவதற்குள் லாரிகளை விட்டுவிடுவார்கள்.

“சார், இந்தி தெரியுமா? ஏன் வர மாட்டேங்குறான்னு கேளுங்க!”

நாக்பூரில் வேலை பார்த்த காலத்து இந்தியில் கேட்டேன். மூச்சு வாங்க மினதி சொன்னாள்: இன்று ராத்திரி புது ஆட்கள் வருகிறார்கள். காலியாகக் கிடக்கும் கொட்டகையை மேஸ்திரி அவர்களுக்குக் கொடுத்துவிடுவான். புருஷன் பக்கத்துச் சுரங்கத்தில் வேலையில் இருக்கிறான், வர நேரமாகும். பிள்ளையோடு வந்து நான் எங்கே படுப்பேன்?

கேட்டதும் மலர்க்கொடிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அரிசிக்குத் திட்டம் இருக்கு, ஸ்கேனுக்கு இருக்கு, நலவாரியம் இருக்கு. எல்லாத்துலயும் இவ பேர நாந்தான் ஏத்திவுட்டேன். இந்தக் கதவுக்கு எங்க போயி ஏத்துறது?”

சொல்லிக்கொண்டே ஸ்கூட்டர் சக்கரத்திலிருந்த சங்கிலிப் பூட்டைக் கழற்றினார். தகரக் கதவின் ஓட்டையில் நுழைத்து மினதிக்குக் காட்டினார். சாவியை அவள் கையில் வைத்து அழுத்தினார்.

“பூட்டிட்டுப் போறோம், சாவி அவகிட்டயே இருக்கும்னு சொல்லுங்க சார். மேஸ்திரிகிட்ட நான் பேசிக்கிறேன்.”

மினதி சாவியைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

“உங்க ஸ்கூட்டர்?” என்றேன்.

“அது கெடக்கட்டும், ஆட்டோல ஏறுங்க!”

ஐந்துக்கு இன்னும் பத்து நிமிடம். எதிரே வரிசையாக நின்ற லாரிகளில் அதற்குள் இன்ஜின் உறுமத் தொடங்கியிருந்தது. முதல் லாரி நடுரோட்டுக்கே வந்துவிட்டது. பின்சீட்டில் மினதி துடித்தாள். செல்வம் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் குதித்தார்.

“அண்ணே, புள்ளத்தாச்சி இருக்கு! எடுக்காதீங்க!”

லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். பின்னால் ஹாரன்கள் அலறின. தாமதமானால் அவர்களுக்கு ஒரு நடையின் கூலி போய்விடும். அவர் வண்டியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு இறங்கி, துண்டை வீசிக் கத்தினார்: “எவனும் எடுக்காதீங்கடா!” அந்தக் குரல் லாரிக்கு லாரி கைமாறிப் போயிற்று. ஒவ்வொரு இன்ஜினாக அணைந்தது. எங்கள் ஆட்டோ சத்தம் மட்டும் மெயின் ரோடு வரை கேட்டது. அங்கே மினதியோடு மலர்க்கொடியும் நானும் ஆம்புலன்ஸுக்கு மாறினோம்.

ஆஸ்பத்திரியில் ஆறரைக்குப் பெண் குழந்தை பிறந்தது. மலர்க்கொடி அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். உள்ளே போனபோது மினதியின் கை மூடியே இருந்தது. குழந்தையை அவள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. கதவை யாராவது திறந்துவிட்டார்களா என்று என்னிடம் கேட்டாள்.

ஸ்கூட்டரைப் பார்த்துக்கொள்ளத் திரும்பிப் போயிருந்த செல்வத்துக்குப் போன் போட்டேன்.

“மேஸ்திரி வந்து பூட்ட இழுத்து இழுத்துப் பாத்தான் சார். நர்சம்மா பூட்டுன்னேன், போயிட்டான். இப்ப அந்தப் பொண்ணு வூட்டுக்காரரு வந்து வாசல்ல உக்காந்திருக்காரு.”

அதை அவளிடம் சொன்ன பிறகுதான் மினதி குழந்தையின் பக்கம் திரும்பினாள்.

திரும்பும் பஸ்ஸில் டிக்கெட்டுக்காகச் சட்டைப்பையில் கைவிட்டேன். கும்பகோணத்து வீட்டுச் சாவி தட்டுப்பட்டது. எந்த ஊருக்குப் போனாலும் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். திரும்பி வரும்போது அது என் வீடாக இருக்குமா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.