தரையிலிருந்து ஆறடி உயரத்தில்

தராசு இன்ஸ்பெக்டர் கடைக்குள் நுழைந்தால் கல்லாவில் இருப்பவர் தானாக எழுந்து நின்றுவிடுவார். எடைக்கல்லைக் கையில் வாங்கி, அடியில் உள்ள முத்திரையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். கிலோவுக்கு மூன்று கிராம் குறைந்தாலும் போதும், எந்தச் சமாதானமும் எடுபடாது. “கொஞ்சம்தானே சார்” என்று ஒரு மளிகைக்காரர் இழுத்தபோது, கொஞ்சம் என்பது அளவே கிடையாது என்று சொல்லிவிட்டு நோட்டீஸ் எழுத உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் எந்தக் கடையிலும் அவர் ஒரு டீ குடித்ததில்லை.

இப்படிப்பட்ட மனிதர் உலகத்தில் ஒரே ஒருவருடைய வார்த்தையை மட்டும் நிறுத்துப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டார். அவர் கார் மெக்கானிக். “ரெண்டே நாள்ல ரெடியாயிடும் சார்” என்று அவர் பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கார், கருநீல நிறத்தில் ஒரு ஜெர்மன் செடான். வயது இருபத்திரண்டு. ஓர் அறுவைச் சிகிச்சை டாக்டர் புதிதாக வாங்கி, சரிபாதி ஆயுளை அனுபவித்துவிட்டு இன்ஸ்பெக்டரிடம் தள்ளிவிட்டார். சாவியைக் கொடுத்த கையோடு டாக்டர் ஆட்டோ பிடித்துப் போன வேகத்தைப் பார்த்தாவது ஒருவர் யோசித்திருக்கலாம். இன்ஸ்பெக்டர் அதைப் பெரிய மனசு என்று எடுத்துக்கொண்டார்.

டாக்டர் ஆறடிக்கு மேல். இன்ஸ்பெக்டர் ஐந்தடி மூன்றங்குலம், இடுப்பளவு அதற்கு ஈடுகட்டும். டாக்டரின் உடம்பு காரின் மூளையில் பதிந்து கிடந்தது. சாவியைத் திருப்பியதும் டிரைவர் சீட் ‘உய்ங்’ என்று முனகியபடி பின்னால் போய், டாக்டரின் கால்களுக்கு இடம் விட்டு நிற்கும். இன்ஸ்பெக்டர் பிரேக்குக்குக் கால் எட்டாமல் தொங்குவார். பொத்தானை அமுக்கி, அங்குலம் அங்குலமாக முன்னால் வந்து சேர்வார். அந்த ஞாபகத்தை அழிக்க மெக்கானிக் எவ்வளவோ பார்த்தார், நடக்கவில்லை. நல்ல கார் பழகியவர்களை மறக்காது சார் என்று அதையும் ஒரு பெருமையாக மாற்றிக் கொடுத்தார்.

வருஷத்தில் இருநூறு நாளாவது கார் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. ஒரு பொருள் நம்முடையது என்றால் என்ன அர்த்தம் என்று பெரிய புத்தகங்களில் தேடுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் ஒரு மணி நேரம் நின்றால் போதும். பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாலைந்து கார் சொந்தக்காரர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருப்பதுபோலத் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். எதை மாற்றியிருக்கிறார்கள், எது இன்னும் தாங்கும் என்பதுதான் பேச்சு. யாருடைய காராவது ஸ்டார்ட் ஆகிக் கிளம்பினால் மற்றவர்கள் முகத்தில் ஒரு பொறாமை தெரியும். அடுத்த வாரம் அது திரும்பி வரும்போது எல்லோரும் அன்பாக நகர்ந்து இடம் கொடுப்பார்கள்.

இன்ஸ்பெக்டருடைய மனைவி ஆரம்பப்பள்ளி டீச்சர். முப்பத்தோரு வருஷமாகப் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனார். கார் வாங்கிய வாரத்தில் ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டார். அது வினையாகிவிட்டது. பதினோரு வருஷத்தில் ஒருவர் கண்ணிலும் அந்தக் கார் படவில்லை. பள்ளி ஆண்டு விழாவுக்கு இன்ஸ்பெக்டர் ஸ்கூட்டரில் வந்தார். மாவட்ட அளவிலான கூட்டத்துக்கு டீச்சர் நனைந்துகொண்டு வந்து இறங்கினார். கணக்கு டீச்சருக்கு நாக்கு கொஞ்சம் நீளம். கரும்பலகையில் கணக்குப் போடும் அதே தொனியில், “டீச்சர் வீட்ல கார் இருக்குன்னு வச்சுக்குவோம்” என்று ஆரம்பிப்பார். ஸ்டாஃப் ரூமே சிரிக்கும். டீச்சரும் கூடச் சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும் மறுநாள் பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணி எடுத்துவைப்பார்.

ஓய்வு பெறும் நாள் நெருங்கியபோது அவர் புருஷனிடம் ஒன்றே ஒன்று கேட்டார். நகை கேட்கவில்லை, யாத்திரை கேட்கவில்லை. கடைசி நாளன்று நாலு மணிக்குப் பள்ளி வாசலில் காரோடு வந்து நிற்க வேண்டும். நாலு பேர் பார்க்க அதில் ஏறி வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் வாக்குக் கொடுத்தார்.

அதிசயமாக, முதல் நாளே கார் ரெடியாகிவிட்டது. கடைசி நாள் காலையில் ஆபீசுக்கு ஓட்டிப் போனார். எந்தக் குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. இடப்பக்கம் திரும்பும்போது கீழே எங்கேயோ ‘டொக்’ என்றது. வேறொருவராக இருந்தால் காதில்கூட விழுந்திருக்காது. மூன்று கிராமைக் கண்டுபிடிக்கிற மனிதருக்கு அது இடிபோல் விழுந்தது. மனைவி ஏறி உட்கார்ந்த நேரத்தில் இந்த டொக் கேட்டால்? அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு மணிக்கு ஒர்க்‌ஷாப்பில் நின்றார்.

“இது ஒண்ணுமே இல்ல சார். இதோட நீங்க பாட்டுக்கு ஓட்டலாம்” என்றார் மெக்கானிக். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் உண்மையைச் சொன்னார். முதல்முறையாக இன்ஸ்பெக்டர் அவரை நம்பவில்லை.

காரைத் தூக்கிப் பார்ப்பதாக முடிவாயிற்று. உள்ளே ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்பினால்தான் சத்தம் எங்கே என்று தெரியும். அது யார் என்ற கேள்வியே எழவில்லை. லிஃப்டின் இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவில் காரை உருட்டி நிறுத்தினார்கள். இன்ஸ்பெக்டரோடு சேர்ந்து கார் ஆறடி உயரத்துக்குப் போய், தூணில் இருந்த இரும்புப் பல்லில் பூட்டிக்கொண்டு நின்றது. கீழே மெக்கானிக் நீளமான ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையைக் காரிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக்கொண்டு, இடது, வலது என்று உத்தரவு போட்டார். இரண்டு நாற்பதுக்குக் கரண்ட் போனது.

லிஃப்டை இறக்க வேண்டுமானால் பல்லிலிருந்து விடுவிக்க முதலில் ஒரு விரற்கடை மேலே தூக்க வேண்டும். தூக்கக் கரண்ட் வேண்டும். முன்கதவைத் திறந்தால் ஒரு சாண் போய்த் தூணில் முட்டியது. பின்சீட்டுக்குத் தாண்டிவந்து பின்கதவு வழியாக ஏணியில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் பள்ளிக்குப் போகும்படி மெக்கானிக் நல்ல புத்தி சொன்னார். இன்ஸ்பெக்டர் மறுத்துவிட்டார். கொடுத்த வாக்குக் காரில் வருவதாக. இதோ இப்போது கரண்ட் வந்துவிடும். கொஞ்ச நேரம்தான் என்றார். கொஞ்சம் என்பது அளவே இல்லை என்று நினைவூட்ட அந்த மளிகைக்காரர் பக்கத்தில் இல்லை.

நாலு பத்துக்கு டீச்சரின் போன் வந்தது.

“எங்க இருக்கீங்க?”

“கார்லதான் இருக்கேன்.”

“வந்துட்டிருக்கீங்களா?”

இன்ஸ்பெக்டர் மென்று விழுங்கினார். அளவு விஷயத்தில் அவருக்குப் பொய் வராது. “தரையிலேர்ந்து ஆறடி உயரத்துல இருக்கேன்” என்றார்.

பின்னணியில் யாரோ விஷயத்தைக் கேட்பதும், யாரோ அடக்கமுடியாமல் சிரிப்பதும் கேட்டன. போன் துண்டிக்கப்பட்டது.

அரை மணியில் பள்ளி வேன் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றது. டீச்சர், அவருக்குக் கிடைத்த பரிசுப் பெட்டிகள், பின்னால் ஏழெட்டு டீச்சர்கள். வரிசையாக உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். மேலே கண்ணாடிக்குப் பின்னால் டையோடு, முகத்தில் ஈயாடாமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். ஒரு காரை அதன் அடிவயிறு வரைக்கும் இப்படி ஆற அமரப் பார்த்த ஆசிரியர் கூட்டம் வேறு எங்கும் இருந்திருக்காது.

“கொஞ்சம் ஏணியப் பிடிங்க” என்றார் டீச்சர் மெக்கானிக்கிடம்.

முப்பத்தோரு வருஷம் கைவசம் இருந்த நிதானத்தோடு ஏறி, பின்கதவைத் திறந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே உட்கார்ந்தார். தோல் சீட்டைத் தடவிப் பார்த்தார். கதவின் மர அலங்காரத்தை விரலால் தொட்டார்.

“முன்னாடிதான் உக்காரவைக்கணும்னு நெனச்சேன்” என்றார் இன்ஸ்பெக்டர், திரும்பாமல்.

“நாலு மணிக்குக் கூட்டத்துல எல்லாரும் வாசலையே பாத்துட்டிருந்தாங்க. நானும்தான்.”

இன்ஸ்பெக்டருக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. “ரேடியோ நல்லாப் பாடும், கேக்குறியா?” என்று சாவியைத் திருப்பினார். சீட் ‘உய்ங்’ என்று முனகிக்கொண்டு பின்னால் வந்து, டீச்சரின் முழங்காலை அழுத்தி நின்றது.

டீச்சர் காலை ஒடுக்கிக்கொண்டார். “டாக்டர் இன்னும் இறங்கல போலிருக்கே” என்றார்.

இன்ஸ்பெக்டர் எட்டாத பிரேக்கைப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அந்தப் பொத்தானை அமுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போது கரண்ட் வந்து, கீழே விளக்குகள் எரிந்தன. இறக்கட்டுமா என்று மெக்கானிக் கீழேயிருந்து கேட்டார். வாசலில் வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். இன்ஸ்பெக்டர் சாவியை உருவினார். இரண்டு சீட்டுக்கும் நடுவில் உடம்பைத் திணித்து, மூச்சுப் பிடித்து, ஒரு செருப்பை முன்பக்கம் விட்டுவிட்டுப் பின்சீட்டில் வந்து விழுந்தார். டீச்சர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

“அப்படியே இருக்கட்டும்” என்று மெக்கானிக்கிடம் சாவியைப் போட்டார். மனைவிக்குப் பின்னால் ஒற்றைச் செருப்போடு ஏணியில் இறங்கினார்.

வேனில் இருவருக்கும் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. பரிசுப் பெட்டிகளை அவர் மடியில் வாங்கிக்கொண்டார். முன்னாலிருந்து கணக்கு டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

“கார் இருக்கு. ஒத்துக்கறேன். போகும்னு வச்சுக்குவோம்.”

இந்தமுறை டீச்சர்தான் எல்லோருக்கும் முதலில் சிரித்தார், அதுவும் கண்ணில் நீர் வர.

வேன் முக்கில் இடப்பக்கம் திரும்பியது. கீழே எங்கேயோ ‘டொக்’ என்றது. யாருக்கும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, டிரைவரிடம் சொல்ல வாயைத் திறந்தார். டீச்சர் அவரைப் பார்த்தார்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.