சிவப்புக் கோடு விழாத பட்டியல்

மன்னார்த் தீவின் கரையோரக் கிராமம் ஒன்றில், கத்தோலிக்கக் கோவிலின் பங்குக் கந்தோரில் மதுஷிகா வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு வயது இருபத்திரண்டு. ஞானஸ்நானச் சான்றிதழ், கலியாண அறிவித்தல், மரண அறிவித்தல், பங்குக் குருவான சுவாமியின் கடிதங்கள் என்று எல்லாவற்றையும் அவள்தான் தட்டச்சு செய்தாள். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் ஊரில் ஒருவர் பிறந்தாலும் இறந்தாலும் அவளுடைய விரலைத் தாண்டித்தான் போகவேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

அந்தப் பழைய கொம்பியூட்டருக்கு ஊர்ப் பெயர் ஒன்றும் தெரியாது. பெயரை அடித்தவுடன் கீழே சிவப்புக் கோடு போட்டுவிடும். கடவுள் என்று அடித்தால் கோடில்லை, கடவுள் படைத்த சந்தியோகுவுக்குக் கோடு. மதுஷிகாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒவ்வொரு பெயராக அழுத்தி, இது சரியான சொல்தான், அகராதியில் சேர் என்று அதற்குப் படிப்பித்தாள். பன்னிரண்டு வருடம் படிப்பித்தாள். கடைசியில் ஊரே அதற்குள் குடியிருந்தது. உயிரோடு இருப்பவர்கள், செத்தவர்கள், இரண்டிலும் சேராதவர்கள்.

இரண்டிலும் சேராதவர்களில் டிலோஜன் ஒருவன். 2007ஆம் ஆண்டு ஆவணியில் மீன் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மன்னார் ரவுணுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவனுடைய தாய் லூசியா ஏறாத கந்தோர் இல்லை. ஆணைக்குழு, மனித உரிமைக் கந்தோர், காணாமல் போனோர் கந்தோர் என்று அவர் கொடுத்த மனுக்களில் பாதிக்கு மேல் மதுஷிகா அடித்தவை. தன்னுடைய பெயரைவிட அவனுடைய பெயரைத்தான் அவள் அதிகம் அடித்திருப்பாள்.

அந்த ஊரில் நவம்பர் இரண்டாம் திகதி, ஆத்துமாக்கள் திருநாளன்று, ஊர்க் கல்லறைகள் இருக்கிற சேமக்காலையில் பூசை முடிந்ததும் இறந்தவர்களின் பெயர்களைச் சுவாமி வாசிப்பார். தகப்பன் பெயர், வயது ஒன்றும் கிடையாது, வெறும் பெயர்தான். பெயர் கேட்டதும் அந்த வீட்டார் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். காணாமல் போன பிள்ளைகளின் பெயரையும் சிலர் காலப்போக்கில் அந்தப் பட்டியலுக்குக் கொடுத்துவிட்டார்கள். லூசியா கொடுக்கவில்லை. வருடா வருடம் நவம்பர் பிறக்குமுன் கந்தோருக்கு வந்து, புருசன் அந்தோனிமுத்துவின் பெயரைத் துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று சொல்வார்.

“மற்றப் பேர் வந்திடக்கூடாது பிள்ளை.”

“வராது மாமி. நான் பாத்துக்கொள்ளுறன்.”

சென்ற வருடம் புரட்டாதியில் பழைய கொம்பியூட்டர் உப்புக்காற்றுக்குத் தன் உயிரை விட்டது. ரவுணிலிருந்து பார்த்தீபன் என்ற பொடியன் புதியது ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினான். அவளுடைய சொற்களை ஒன்றும் விடாமல் மாற்றித் தந்ததில் அவனுக்குப் பெரிய புளுகம், முகமெல்லாம் சிரிப்பு.

“இது புது வேர்சன் அக்கா. பழசு கடிதம் அடிக்கிற இடத்தில மட்டும்தான் பிழை பாக்கும். இது எங்க அடிச்சாலும் பாக்கும். கோடு போட்டுக்கொண்டு இருக்காது, தானே திருத்திவிடும்.”

மதுஷிகாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அவசரத்தில் எழுத்து மாறினால் இடைவெளி தட்டுகிற கணத்தில் சொல் நேராகிவிடுகிறது. இத்தனை வருடமும் பாடம் கேட்டது இப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது என்று சுவாமியிடம் பகிடி விட்டாள்.

அவளுக்கு வேலையில் ஒரு முறை இருந்தது. அடித்து முடித்ததும் சிவப்புக் கோடு விழுந்த பெயர்களை மட்டும் துண்டோடு ஒப்பிடுவாள். கோடில்லாதது அவள் படிப்பித்த பெயர், ஆகவே சரி. அந்த வருடப் பட்டியலில் இருநூற்றுப் பதினேழு பெயர்கள். ஒரு கோடும் இல்லை. பக்கம் வெள்ளைவெளேரென்று கிடந்தது. அச்சடித்துச் சுவாமியின் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

திருநாளன்று பின்னேரம் சேமக்காலை நிறையச் சனம். சுவாமி வாசித்தார். அந்தோனிமுத்துவின் பெயருக்கு லூசியா திரி கொளுத்தினார். வருடவாரியாக வந்து அந்த வருடம் இறந்தவர்களைத் தொட்டபோது சுவாமி, “டிலோஜன்” என்றார்.

அந்தப் பெயருக்கு ஒரு திரியும் எரியவில்லை. சனம் திரும்பி லூசியாவைப் பார்த்தது. அவர் சத்தம் போடவில்லை. புருசனுக்கு வைத்த திரியிலிருந்து இன்னொன்றைப் பற்றவைத்து, பக்கத்து மணலில் குத்தி நிறுத்தினார். பிறகு முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சேமக்காலை வாசல் படலையைத் தாண்டி நடந்தார். இரண்டு பெண்கள் அழுதுகொண்டு பின்னால் போனார்கள்.

பட்டியல் முடிந்ததும் ஒரு தாய் சுவாமியிடம் வந்து நின்றாள். சித்திரையில் கடலில் மூழ்கிப்போன தன் மகன் டினோஜனின் பெயரை ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டாள். மதுஷிகாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அவள் லீவில் நின்ற கிழமையில் செத்த டினோஜனின் அறிவித்தலைச் சுவாமி கையால் எழுதியிருந்தார், அவனைக் கொம்பியூட்டர் அறியாது. நூறு மனுவில் அவள் அடித்த டிலோஜனை அது அறியும். தெரியாத பிள்ளையைத் தள்ளிவிட்டுத் தெரிந்த பிள்ளையை அந்த இடத்தில் வைத்துவிட்டது.

சுவாமி டினோஜனின் பெயரைத் தனியாக வாசித்தார். பிறகு மதுஷிகாவைப் பார்த்து, “இப்பவே போய் லூசியாவிட்டச் சொல்லு” என்றார்.

“ஓம் சுவாமி” என்றாள். போகவில்லை. லூசியாவின் வீட்டு ஒழுங்கை முகப்பு வரை போய், உள்ளே ஒப்பாரிச் சத்தம் கேட்டதும் தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வருகிறது.

மறுநாள் காலை கந்தோர் திறக்குமுன் லூசியா வாசலில் நின்றார். கண் இரண்டும் வீங்கியிருந்தன. ஆனால் முகம் என்றும் இல்லாதவாறு இளகியிருந்தது. கதிரையில் இருந்துகொண்டு மெதுவாகக் கேட்டார்.

“எந்தக் கந்தோரில இருந்து கடிதம் வந்தது பிள்ளை? எங்க வச்சு நடந்ததாம்?”

மதுஷிகா கந்தோர்ச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“நீதானே எல்லாம் அடிச்சனி. மறுமொழியும் உன்னட்டத்தான் வரும். என்ர முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாமல் சுவாமியைக் கொண்டு வாசிப்பிச்சிருக்கிறாய். எனக்குக் கோவமில்லை.”

ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், இந்த மனுசி இனி எந்தக் கந்தோர்ப் படியும் ஏறவேண்டியதில்லை. அந்தச் சொல் மதுஷிகாவின் தொண்டை வரை வந்தது. சொல்லத் துணிவில்லை, சொல்ல உரிமையும் இல்லை.

“மாமி, அது டினோஜன்ர பேர். கொம்பியூட்டர் மாத்திப்போட்டுது. நான் பாக்கேல்லை. பிழை என்ரதான்.”

லூசியா முக்காட்டை விலக்கி அவளைப் பார்த்தார்.

“அப்ப ஒரு சேதியும் வரேல்லை.”

“இல்லை மாமி.”

“நேற்று அவனுக்கு அழுது முடிச்சிட்டன் பிள்ளை. பதினெட்டு வருசம் அவனுக்காகப் பூட்டாமல் விட்ட வீட்டுக் கதவை நேற்றுத்தான் பூட்டிப்போட்டுப் படுத்தனான்.”

மதுஷிகா அவருடைய கையைப் பிடித்தாள். லூசியா அதை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்து சேலையைச் சரிசெய்தார்.

“வாறன் பிள்ளை. கதவு பூட்டினபடி கிடக்கு.”