சீனி போட்ட சீமெந்து

ஊரில் என்னை மேசன் என்றுதான் நினைத்திருந்தார்கள். மகனுக்கு அரபு நாட்டில் சீமெந்து வேலை என்று அம்மா ஒருமுறை சொல்லிவைக்க, அது ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. லீவில் வரும்போதெல்லாம் யாராவது சுவர் வெடிப்பைக் காட்டி யோசனை கேட்பார்கள். விளக்கிச் சொல்லி அலுத்துப்போனேன். கரண்டி பிடித்து ஒரு செங்கல்லைக்கூட நான் வைத்ததில்லை.

என் வேலை எண்ணெய்க் கிணற்றுச் சீமெந்தில் கலக்கும் மருந்துகளைச் சோதிப்பது. கிணற்றைத் துளைத்து இரும்புக் குழாய் இறக்கியதும், சீமெந்துக் கரைசலைக் குழாய்க்குள் அனுப்புவார்கள். அது அடிவரை போய், குழாய்க்கும் பாறைக்கும் நடுவே மேலேறி நின்று இறுக வேண்டும். கீழே அடுப்புச் சூடு. சும்மா விட்டால் பாதி வழியில் குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும், கிணறும் போச்சு. அதற்காக மரக்கூழிலிருந்து எடுக்கும் ஒரு கபிலத் தூள் போடுவோம். ரிட்டாடர் என்று பெயர், இறுகுவதைத் தள்ளிப்போடும். சூடு குறைந்த இடத்துக்கு நேர்மாறாக, சீக்கிரம் இறுக்கும் கல்சியம் குளோரைட். தண்ணீர் பாறைக்குள் கசியாமலிருக்க ஒன்று, நுரை அடங்க ஒன்று. எல்லாம் கலந்து மெசினில் சூடும் அழுத்தமும் கொடுத்து, எப்போது தடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா செத்த செய்தி வந்தபோதும் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சோதனையை முடித்துவிட்டுத்தான் டிக்கெட் கேட்டேன்.

கண்டியில் ஒரு மலர்ச்சாலையில் உடல் கெடாமலிருக்க மருந்தேற்றி அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அம்மாவுக்கும் ரிட்டாடர் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு வெட்கம்கூட வரவில்லை. காத்திருந்தது தங்கச்சிக்காக. அவள் வேறொரு அரபு நாட்டில், படுக்கையிலிருக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். வீட்டுக்காரர்கள் பாஸ்போட்டைக் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். விளக்குத் திரியைப் பார்த்தேன், வருகிறவர்களின் கால்களைப் பார்த்தேன். பெட்டிக்குள் பார்க்கவில்லை.

தங்கச்சி ஒருவழியாக வந்திறங்கிய அன்று நல்ல மழை. அவள் வந்த வான் கடுகண்ணாவ ஏற்றத்தில் மாட்டிக்கொண்டது. தாய்மாமன் பொறுமையிழந்தார்.

"இனியும் வைக்க ஏலாது மாப்ள. பொழுது சாயுறதுக்குள்ள மூடிறணும்."

குழிக்குச் செங்கல்லால் பக்கம் கட்டியிருந்தது. பெட்டியை இறக்கி, மேலே கொங்கிறீட் பலகைகளை அடுக்கினார்கள். இடுக்குகளைச் சாந்து பூசி மூடுவதுதான் மிச்சம். அந்நேரம் தங்கச்சி போன் எடுத்தாள். "குண்டசாலை தாண்டிட்டோம் அண்ணே. மூடிறாதீங்க." மாமாவிடம் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்துவிட்டு, மேசன் பாஸின் கையிலிருந்த கரண்டியை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"அடுத்தவன் கை எதுக்கு? நீதான் சீமெந்துக்காரனாச்சே, நீயே பூசு."

முதல் கரண்டிச் சாந்து பாதி கீழே விழுந்தது. "ஏட்டுச் சுரக்கா கறிக்கு ஒதவாதுங்கிறது இதுதான்," என்றார் மாமா. இரண்டொருவர் சிரித்தார்கள்.

வந்தவர்களுக்குப் பாலில்லாத சாயத்தண்ணி கொடுத்து, நக்கிக்கொண்டு குடிக்க உள்ளங்கையில் சீனி போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் போட்டார்கள். எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் சீனி மூட்டை எப்போதும் கைகாவலாக இருக்கும். வேண்டாத இடத்தில் சீமெந்து இறுகாமலிருக்க அது போதும். கூடிப்போனால் எதிர்வேலை செய்யும், அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. மலைக் குளிரில் சாதாரணச் சாந்தே சீக்கிரம் இறுகாது. தெரிந்தும், கையிலிருந்ததில் கொஞ்சத்தைச் சாந்துச் சட்டியில் தட்டிக் கலக்கினேன். மழையில் வான் எப்போது வந்து சேருமென்று யார் கண்டது?

"என்ன தம்பி, இனிப்பா?" என்றார் பாஸ்.

"அங்க இப்பிடித்தான்."

"ஆ, பொரின் முறை," என்று தலையாட்டினார்.

தங்கச்சி வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. சனம் கலைந்து, மாமாவும் பாஸும் நானும்தான் நின்றோம்.

"மூடிட்டீங்களா?"

"இன்னும் இறுகல. தலைமாட்டுப் பலகையத் தூக்கிறலாம்," என்றேன்.

"மூடுன குழியத் தொறக்கிறதாவது! குடும்பத்துக்கு ஆகாது," என்று மாமா பாய்ந்தார்.

"மாமா, அந்தக் கெழவியக் குளிப்பாட்டி, சோறூட்டி, அவ மொகத்தயே பாத்துப் பாத்து, அம்மா மொகம் எனக்கு மறந்துபோச்சு. ஒரே ஒரு தடவ காட்டிருங்க."

மாமா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் பாஸும் பலகையைத் தூக்கினோம். சாந்து சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது. பாஸ் குனிந்து பெட்டியின் திருகைக் கழற்றி மூடியை விலக்க, நான் போன் வெளிச்சத்தைப் பிடித்தேன்.

"அம்மாதான்," என்றாள் தங்கச்சி. பிறகுதான் அழுதாள்.

வெளிச்சம் பிடிக்கிறவன் பார்க்காமல் இருக்க முடியாது. நெற்றிக்கு மேலே, கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி அழுத்தி முடி தேய்ந்த தடம். அது இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது.

பலகையை மறுபடி வைத்தோம். சட்டியில் மிச்சமிருந்த சாந்தைக் கரண்டியில் எடுத்தேன், இன்னும் குழைவாகவே இருந்தது. தங்கச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் குந்தினாள்.

"நீங்க குடுத்துவச்சவரு அண்ணே. இத்தன நாளும் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க."

ஆமாம் என்றேன். குனிந்து பூசத் தொடங்கினேன்.