கந்தப்பு கீறாமல் விட்ட பனை

மயிலிட்டிக் கந்தப்பு வாய் ஓயாத மனிதர். ஆனால் தான் விளைமீன் பிடிக்கும் இடத்தைக் கூடப்பிறந்த தம்பிக்குக்கூடச் சொன்னதில்லை. கடலில் நின்று பார்த்தால் கரையிலுள்ள கோயில் கோபுரமும் ஒற்றைப் பனையும் ஒரே நேரில் வரும் இடம் அது. பக்கத்து மீன்வாடி ஏரம்பு பதினைந்து வருடம் பின்னாலேயே வள்ளம் விட்டுப் பார்த்தார். கந்தப்பு பிடிகொடுக்கவில்லை.

தொண்ணூறில் சண்டை மூண்டு ஊர் முழுக்க எழும்பி ஓடியது. ஊர் ஆமியின் கைக்குப் போக, கடலும் கூடவே போனது. கோப்பாயில் ஒரு கொட்டிலில் சும்மா குந்தியிருக்கக் கந்தப்புவுக்கு விசர் பிடித்தது. பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் சலவை நீலத்தாலும் அடுப்புக்கரியாலும் மீன் கீறத் தொடங்கினார். நன்றாகவே வந்தது. இரண்டு வருடம் கழித்து வாசிகசாலையில் ‘இயற்கையும் உயிர்களும்’ என்று ஓவியக் கண்காட்சி வைத்த பத்மாசினி ரீச்சர், அவருடைய விளைமீனை வாசலுக்கு நேரே மாட்டினார்.

மீனுக்குப் பின்னால் மயிலிட்டிக் கரை, கோபுரம், வாடிகள். பனை மட்டும் இல்லை. மீன் பிடிக்கும் இடம் வெளிப்பட்டுவிடும் என்று கந்தப்பு அதை விட்டிருந்தார். ஊரே கையில் இல்லாத நேரத்திலும் மனிதருக்கு அந்தக் கள்ளப்புத்தி போகவில்லை.

வந்த மயிலிட்டிச் சனம் மீனைப் பார்க்கவில்லை, கரையைத்தான் பார்த்தது. அவர்களில் பூரணம் படத்தை விட்டு அசையவே இல்லை. அந்தப் பனை அவளுடைய வளவில் நின்றது.

“எங்கடை பனை எங்கை அண்ணை? ஆமியின்ரை செல் விழுந்து சரிஞ்சிட்டுதோ?”

“இல்லைப் பிள்ளை. அது நிக்கும்.”

“எனக்கு மறைக்காதையுங்கோ” என்று அவள் அழத் தொடங்கினாள். கந்தப்புவுக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

மறுநாள் விடிய வெள்ளெனவே கரித்துண்டோடு வாசிகசாலைக்குப் போனார். பனையை வேறெங்காவது நட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார், கை கேட்கவில்லை. பனை கோபுரத்துக்கு நேரே முன்னால் வந்து நின்றது.

மத்தியானம் ஏரம்பு வந்தார். கனநேரம் பார்த்தார்.

“அப்ப உதுதானோ அண்ணை இடம்?”

“ஓம்.”

ஏரம்பு விரலை நீட்டிப் பனையையும் கோபுரத்தையும் ஒரே கோட்டில் பிடித்தார்.

“ஊருக்குத் திரும்பிப் போகேக்கை நீ கடல்பக்கமாய் நில்” என்றார் கந்தப்பு. “கரைப்பக்கம் என்ரை.”

ஏரம்பு தலையாட்டினார். எப்போது போவது என்று இருவரும் கேட்கவில்லை.