தண்ணீரில் இறக்கிப் பார்த்த படகு

நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்குத் திரும்பிய பிறகு, என் கணவர் கதைப்பதையே குறைத்துக்கொண்டார். வெள்ளவத்தையில் எங்கள் பல்கனியிலிருந்து பார்த்தால் ரயில் பாதையும் அதற்கு அப்பால் கடலும் தெரியும். காலையில் அங்கே கதிரையைப் போட்டு உட்காருவார். நான் என் பல் கிளினிக்கை மூடிவிட்டு வரும்போதும் அங்கேயேதான் இருப்பார். பேப்பர் விரிக்கப்படாமல் பக்கத்தில் கிடக்கும்.

ஒரு பின்னேரம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "இஞ்சரும், இதை ஒருக்கா வந்து பாரும்" என்று கைபேசியை நீட்டினார். நீல நிறத்தில் ஒரு பைபர் படகு. ஆற்றில் தூண்டில் போடலாம், சும்மா சுற்றி வரலாம் என்றார்.

"படகைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது. படிக்கலாம்தானே."

நான் கைபேசியை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, இனிமேல் செய்யப்போவதாக அவர் எதையுமே சொன்னதில்லை. அவருடைய இதய டொக்டரிடம் கேட்டேன். படகில் தனியே போகக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, மற்றபடி தாராளமாகப் போகட்டும் என்றார்.

நீலப் படகை விற்க இருந்தவர் ஒரு தரகர். எங்களைப்போல யாழ்ப்பாணத்து ஆள், நன்றாகக் கதைத்தார். களனி ஆற்றங்கரையில் ஒரு கொட்டிலுக்குள் படகு ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. புதுப் பெயின்ட் பளபளத்தது. என் கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைக் கண்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது.

தரகர் எஞ்சினின் கயிற்றை இழுத்தார். ஒரே இழுவையில் பிடித்துக்கொண்டது. "பார்த்தீங்களோ, குதிரை மாதிரி" என்றார். நிறுத்தியதும் நான் அதன் மூடியில் கை வைத்தேன். அரை நிமிடம் ஓடிய எஞ்சின் இவ்வளவு சூடாக இருக்குமா?

"நாங்கள் வர முன்னம் ஓட்டிப் பார்த்தனீங்களோ, தம்பி?"

"ஓம் அக்கா, சும்மா ஒருக்கா."

சூடாக்கி வைத்த எஞ்சின் எதுவும் உடனே பிடிக்கும்; குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்பும் என்று இனி அன்றைக்குத் தெரியப்போவதில்லை. பிறகு மடக்கிய விரல் மொழியால் படகின் பக்கங்களைத் தட்டிக்கொண்டே போனேன். பல்லைத் தட்டிப் பார்த்தே வயது போன எனக்கு அது பழக்கம். ஓரிடம் வரை கணீரென்று கேட்ட சத்தம், முன்பக்க வளைவில் ஈரப் பலகையைத் தட்டியதுபோல அமுங்கியது. புதுப் பெயின்டுக்குக் கீழே ஏதோ ஊறிப்போயிருந்தது.

தண்ணீரில் இறக்கிக் காட்டச் சொன்னோம். "அட்வான்ஸைத் தந்தீங்களெண்டா நாளைக்கே இறக்கலாம்" என்றார் தரகர். யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பினோம்.

வீட்டுக்குக் கிட்ட, பாமன்கடையில், என் கணவர் காருக்குள் என் பக்கம் திரும்பினார். "நான் படகு வாங்கிறது உமக்கு விருப்பமில்லை, அதுதான் குறை தேடுறீர்" என்றார்.

"நடு ஆத்திலை நிண்டு போற எஞ்சினை வாங்கிறதுதான் விருப்பமில்லை."

 மறுநாள் காலையில் அவரே தரகருக்குப் போன் பண்ணி, இறக்குகிற கூலியை நாங்கள் தருகிறோம், அட்வான்ஸ் பிறகு பார்ப்போம் என்றார். வேறு ஆள் வாங்கப்போகிறார் என்று சொல்லித் தரகர் போனை வைத்துவிட்டார். என் கணவர் போனை மேசையில் வைத்துவிட்டு எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி போட்டார்.

அன்றிலிருந்து அவர் படிக்கத் தொடங்கினார். சாப்பாட்டு மேசையில் படகுக் கதைதான். எஞ்சினின் அடிப்பெட்டி ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்றார். ஒருநாள் நான் சோற்றைப் பிசைந்தபடி அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டதைக் கவனித்தேன்.

அடுத்த படகு, களனி ஆறு கடலில் சேரும் மட்டக்குளியில் கிடைத்தது. விற்றவர் நாற்பது வயதுப் பெண். மீன்பிடித்துக்கொண்டிருந்த அவருடைய கணவருக்கு இப்போது கட்டாரில் வேலை, இனி கடலுக்குப் போவதில்லை என்று முடிவாம். படகு அழகில்லை, பெயின்ட் உரிந்து, வெயிலில் வெளிறியிருந்தது. நான் பல் டொக்டர் என்று போனில் கதைக்கும்போதே கேட்டு வைத்திருந்த அந்தப் பெண், நாங்கள் வாய் திறக்க முன்னமே படகின் பின்பக்கத்தை எனக்குக் காட்டினார்.

"எஞ்சின் மாட்டுற பலகை உள்ளுக்கு ஊறியிருக்கு, டொக்டர். இத பாக்காம வாங்கிட்டு நாளைக்கு என்ன ஏசாதீங்க."

என் கணவர் அனுமதி கேட்டு அந்தப் பலகையிலிருந்த ஒரு திருகாணியைக் கழற்றினார். துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தது. எஞ்சினோ குளிர்ந்தே இருந்தது. மூன்றாம் இழுவையில் இருமிக்கொண்டு கிளம்பியது. ஒயில் சுத்தமாக இருந்தது. பக்கங்களைத் தட்டினேன், எங்கும் அதே கணீர்ச் சத்தம்.

"பலகையை மாத்தித் தந்தா வாங்கிறம். அதுக்கு எவ்வளவு போனாலும் பாதி எங்கடை. ஆனா மாத்தின பிறகு தண்ணியிலை இறக்கிப் பாப்பம்" என்றார் என் கணவர்.

"அது நியாயந்தான்" என்றார் அந்தப் பெண்.

வேலை முடியும்வரை என் கணவர் பஸ் ஏறி மட்டக்குளிக்குப் போய்ப் போய் வந்தார். பழைய பலகை கையோடு பிய்ந்து வந்ததாம், நனைந்த கேக் மாதிரி. அந்தப் பலகையோடு வேகமாக ஓட்டியிருந்தால் எஞ்சின் கழன்று ஆற்றில் விழுந்திருக்கும். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு ஞாயிறு காலை படகை ஆற்றுமுகத்தில் இறக்கினார்கள். கட்டிப் போட்டுவிட்டு, அடியில் தண்ணீர் கசிகிறதா என்று காத்திருந்தோம். அந்தப் பெண் இடியப்பமும் சம்பலும் கொண்டு வந்திருந்தார். கரையில் நின்றே சாப்பிட்டோம். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை என் கணவர் ஏறி, அடியைக் கையால் தடவிப் பார்த்து, காய்ந்த கையை எங்களுக்குக் காட்டுவார்.

வெயில் ஏறியதும், ஓட்டத் தெரிந்த ஒருவரோடு புறப்பட ஆயத்தமானோம். லைஃப் ஜாக்கெட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் தயங்கி வந்தார்.

"டொக்டர், நானும் ஒருக்கா வரட்டா? இத்தன வருசம் வீட்டு வாசல்ல கிடந்த போட். பொம்பள ஏறினா மீன் படாதுன்னு எங்க வீட்டுக்காரர் ஒரு நாளும் ஏத்தல்ல."

"வாங்கோ தங்கச்சி" என்று என் கணவர் கை நீட்டினார்.

ஆற்று நீர் கடலில் கலக்கும் இடத்தில் படகு மெதுவாகத் தூக்கிப் போட்டது. நான் இருக்கைப் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் எதையும் பிடிக்கவில்லை. முன்னால் போய் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகச் சொன்னார்.